நேற்று ஓடியது, இன்று ஏன் ஓடவில்லை?

வங்கியிலோ தபால் நிலையத்திலோ வரிசையில் நின்றிருக்கும் எவரும் ஒருமுறையாவது இதைக் கேட்டிருப்பார்கள்: "சர்வர் கனெக்ட் ஆகல சார், கொஞ்ச நேரம் கழிச்சு வாங்க." வெள்ளிக்கிழமை மாலை வரை ஒழுங்காக ஓடிய மென்பொருள் திங்கட்கிழமை காலையில் நின்றுவிடுகிறது. இடையில் கணினியை யாரும் கீழே போடவில்லை. வயரை எலி கடிக்கவில்லை. விசாரித்தால், "வார இறுதியில ஏதோ அப்டேட் பண்ணாங்க" என்பதற்கு மேல் பதில் வராது.

மென்பொருளில் தேய்வதற்கு ஒரு பாகமும் இல்லை. நிரலில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. கணக்குகளும் தரவுத்தளத்தில் போட்டது போட்டபடி இருக்கின்றன. அப்படியானால் கெட்டுப்போனது எது?

வங்கியில் இந்தக் கோளாறு அரை நாளில் சரியாகிவிடும், நாமும் மறந்துவிடுவோம். பத்து இருபது ஆண்டுகள் தரவைச் சேர்த்து, எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால்தான் விடை கிடைக்கும் என்றிருக்கும் வேலையில்தான் இதன் முழு உருவம் தெரியும். அப்படி ஒரு வேலைக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊர் நம் தேனி மாவட்டத்திலேயே இருக்கிறது: பொட்டிப்புரம்.

மலைக்குள் வைக்க நினைத்த இரும்பு

கம்பம் பள்ளத்தாக்கில், தேவாரம் பக்கத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது பொட்டிப்புரம். அங்குள்ள அம்பரப்பர் மலையைக் குடைந்து, நியூட்ரினோ என்ற நுண்துகளை ஆராயும் ஆய்வகம் அமைக்கும் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2015 ஜனவரியில் ஒப்புதல் தந்தது. மதிப்பீடு சுமார் 1,500 கோடி ரூபாய். விவசாயிகளும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் எதிர்த்தார்கள். வழக்குகள் நடந்தன. திட்டத்தை ஏற்க முடியாது என்று தமிழக அரசு 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. சுரங்கம் இன்னும் தோண்டப்படவில்லை. தோண்டலாமா கூடாதா என்பது தனி விவாதம். உள்ளே வைக்க நினைத்த கருவிதான் இந்த அத்தியாயத்துக்கு வேண்டும்.

அதன் பெயர் ஐகால். 50,000 டன் இரும்பைத் தட்டுத் தட்டாக 151 அடுக்குகளாக வைத்துக் காந்தமாக்க வேண்டும். இரண்டு தட்டுகளுக்கு நடுவே நான்கு சென்டிமீட்டர் இடைவெளி. அந்த இடைவெளிகளில் ஆர்.பி.சி. எனப்படும் கண்ணாடி உணரிகள், மொத்தம் 28,800. ஒவ்வொன்றும் இரண்டு மீட்டர் சதுரம். இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு இடையே மெல்லிய வாயுப் படலம், அதன்மேல் சுமார் 10,000 வோல்ட் மின்னழுத்தம். நியூட்ரினோ இரும்பில் மோதிப் பிறக்கும் மியுவான் துகள் வழியில் உள்ள உணரி ஒவ்வொன்றிலும் ஒரு சிறு பொறியைத் தட்டிவிட்டுப் போகும். பொறி விழுந்த இடத்தைச் சொல்ல ஓர் உணரிக்கு 128 பட்டைகள். பெருக்கிப் பாருங்கள், 36 லட்சத்துக்கு மேல் வரும். அத்தனை பட்டைகளையும் ஒவ்வொரு கணமும் யாராவது கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த யாராவது, கணினிதான்.

நியூட்ரினோ மோதுவது அபூர்வம். அதனால்தான் பத்து ஆண்டு தரவு சேர்ந்தால் என்ன தெரியவரும் என்று கணக்குப் போட்டுத் திட்டமிட்டார்கள். இதன் குட்டி வடிவம், 85 டன் இரும்பும் 20 உணரிகளும் கொண்ட மினி-ஐகால், 2018 முதல் மதுரையில் வானத்திலிருந்து விழும் மியுவான்களைப் பதிவு செய்துவருகிறது. மலை விஷயம் எப்படி முடிந்தாலும், இனி சொல்லப்போகும் தலைவலி மதுரைக்கும் உண்டு.

ஒரு மியுவானுக்கு இரண்டு பதிவு

மியுவான் கடந்தது, இந்தந்தப் பட்டைகளில், இந்த நானோநொடியில் பொறி விழுந்தது. இது ஒரு பதிவு. இந்தப் பதிவுகள் மலைபோல் குவியும், ஒருமுறை எழுதினால் பிறகு மாறாது. இவற்றைப் பெரிய கோப்புகளில் போட்டு வைத்துவிடலாம்.

அந்த நேரத்தில் 14-ஆம் உணரியின் மின்னழுத்தம் எவ்வளவு? வாயுவின் அழுத்தம், அறையின் வெப்பநிலை எவ்வளவு? எந்தப் பட்டை செத்துக் கிடந்தது? போன மாதம் எந்த உணரியைக் கழற்றி எதை மாட்டினார்கள்? இது இன்னொரு பதிவு. 'நிலைக்குறிப்பு' என்று வைத்துக்கொள்வோம். அளவில் சிறியது, ஆனால் அடிக்கடி தேடிப்பார்க்க வேண்டியது, சில நேரம் திருத்தவும் வேண்டியது. தரவுத்தளம் என்ற ஏற்பாடு இந்த மாதிரி வேலைக்கென்றே உருவானது.

நிலைக்குறிப்பு இல்லாத பொறிப்பதிவு வெறும் எண் குவியல். வாயு கொஞ்சம் அடர்ந்தால் அதே 10,000 வோல்ட்டில் பொறி குறையும். மியுவான் வரவில்லையா, வந்தும் உணரி தவறவிட்டதா என்று பிரித்துச் சொல்ல நிலைக்குறிப்பைத்தான் புரட்ட வேண்டும். பொறிகளைப் படித்து ஆராயும் நிரல், ஒவ்வொரு முறையும் தரவுத்தளத்தின் கதவைத் தட்டியாக வேண்டும்.

நடுவில் ஒருவர்

நிரல் நேராகப் போய்க் கதவைத் தட்டுவதில்லை. பத்திரப் பதிவு அலுவலகத்துக்குப் போகிறவருக்குத் தன் நிலம் எது, யாருக்கு விற்கிறோம் என்பது தெரியும். எந்தப் படிவம், எந்த வாசகம், எந்த வரிசை என்பது வாசலில் இருக்கும் பத்திர எழுத்தருக்குத்தான் தெரியும். நிரலுக்கும் தரவுத்தளத்துக்கும் நடுவே அந்த வேலையைச் செய்யும் சிறு நிரலுக்கு டிரைவர் என்று பெயர்.

கேள்வி கேட்கும் மொழி ஏறக்குறைய எல்லாருக்கும் பொது. எஸ்.க்யூ.எல். என்ற அந்த மொழி 1970-களில் ஐ.பி.எம். நிறுவனத்தில் பிறந்தது, 1986-இல் அமெரிக்கத் தரநிலையானது. ஆனால் அந்தக் கேள்வியை எந்த உறையில் போடுவது, யார் முதலில் பேசுவது, கடவுச்சொல்லை எப்படிக் காட்டுவது என்பதெல்லாம் ஒவ்வொரு தரவுத்தளத்துக்கும் தனி. இந்த நடைமுறைக்கு நெறிமுறை என்று பெயர். நிரலின் பக்கமாவது ஒரே மாதிரி இருக்கட்டும் என்றுதான் 1992-இல் மைக்ரோசாஃப்ட் ஓ.டி.பி.சி.யையும், 1997-இல் ஜாவா என்ற நிரல்மொழிக்காரர்கள் ஜே.டி.பி.சி.யையும் கொண்டுவந்தார்கள். அதனால் டிரைவரின் முன்முகம் பொதுவாகிவிட்டது. பின்முகம் இன்றும் அந்தந்தத் தரவுத்தளத்தை ஒட்டியே இருக்கிறது.

பதிவு அலுவலகத்தில் படிவம் மாறி, எழுத்தரிடம் பழைய கட்டே இருந்தால் என்ன ஆகும்? இங்கும் அதேதான்.

196608 என்றொரு வணக்கம்

ஒரே ஒரு உரையாடலை நிதானமாகக் கேட்போம். விளக்கத்துக்காக, நம் நிலைக்குறிப்புகள் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இலவசமானது, உள்ளே என்ன நடக்கிறது என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கூடுதல் வசதி, இதன் நெறிமுறை படிக்கக்கூடிய அளவுக்கு எளிமையானது.

டிரைவர் பேச்சைத் தொடங்குகிறது. அது அனுப்பும் தொடக்கச் செய்தியில் 196608 என்ற எண் இருக்கும். விசித்திரமாகத் தெரிந்தாலும் எளிய விஷயம்தான்: 65,536-ஐ மூன்றால் பெருக்கினால் வருவது இது. "நான் பேசுவது நெறிமுறையின் 3.0 பதிப்பு" என்று பொருள். கூடவே பயனர் பெயர், தரவுத்தளத்தின் பெயர்.

சர்வரின் பதில் 'ஆர்' என்ற ஓர் ஆங்கில எழுத்தில் தொடங்கும். அதன்பின் செய்தியின் நீளம், அதன்பின் ஓர் எண். எல்லாம் அந்த எண்ணில்தான் இருக்கிறது. 0 என்றால், உள்ளே வா. 3 என்றால், கடவுச்சொல்லை அப்படியே சொல். 5 என்றால், எம்.டி.5 முறையில் அரைத்துக் கொடு.

அரைப்பது என்றால், கடவுச்சொல்லை ஒரு கணக்கில் போட்டு, திரும்பப் பிரிக்க முடியாதபடி வேறொரு எழுத்துச் சரமாக்குவது. எண் 5-உடன் சர்வர் நான்கு பைட் கொண்ட தற்செயல் எண் ஒன்றையும் கொடுக்கும். டிரைவர் கடவுச்சொல்லையும் பயனர் பெயரையும் சேர்த்து அரைத்து, அதோடு அந்த எண்ணைச் சேர்த்து இன்னொரு முறை அரைத்து அனுப்பும். சர்வர் தன்னிடமுள்ளதோடு ஒப்பிட்டுப் பார்த்துக் கதவைத் திறக்கும். பல ஆண்டுகள் இப்படித்தான் ஓடியது.

இதில் ஓட்டை உண்டு. சர்வரில் இருப்பது முதல் அரைப்பின் விளைவு. அதைத் திருடியவனுக்குக் கடவுச்சொல்லே தேவையில்லை, திருடியதை வைத்தே இரண்டாவது அரைப்பைச் செய்து உள்ளே போய்விடலாம். எனவே 2017-இல் வந்த 10-ஆம் பதிப்பில் ஸ்க்ராம் என்ற புதிய முறை சேர்ந்தது. இதில் இரு தரப்பும் ஆளுக்கொரு தற்செயல் சரம் கொடுக்கும், அரைப்பு வழக்கமாக 4,096 சுற்று நடக்கும், சர்வரில் இருப்பதைத் திருடினாலும் அதை வைத்து நேரே நுழைய முடியாது. இந்த முறைக்கான எண் 10. 2021-இல் வந்த 14-ஆம் பதிப்பில் இதுவே இயல்பான முறையாகிவிட்டது.

இப்போது 2017-க்கு முன் எழுதப்பட்ட டிரைவர் ஒன்று 14-ஆம் பதிப்பின் கதவைத் தட்டுகிறது. "196608, நான் இன்னார்." சர்வர் சொல்கிறது: "ஆர், 10." டிரைவரின் பட்டியலில் 0 இருக்கிறது, 3 இருக்கிறது, 5 இருக்கிறது. 10 இல்லை. பத்தாம் வகை அங்கீகாரம் எனக்கு ஆதரவில்லை என்று சொல்லிவிட்டு விழுந்துவிடுகிறது. சர்வரில் கோளாறில்லை, நெட்வொர்க் சரி, கடவுச்சொல்லும் சரி. வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் பேச்சு முறிந்துபோனது.

இதில் ஒரு கொடுமை. போஸ்ட்கிரெஸின் ஜாவா டிரைவர் இந்த இடத்தில் தரும் பிழைச்செய்தி, சர்வரின் அனுமதிப் பட்டியலில் உங்கள் ஐ.பி. முகவரி இருக்கிறதா பாருங்கள் என்று முதலில் சொல்லிவிட்டு, டிரைவருக்குத் தெரிந்த அங்கீகார முறையா என்பதையும் பாருங்கள் என்று கடைசியில் சேர்க்கிறது. பிழைச்செய்தியைக் கடைசிவரை படிப்பவர் எத்தனை பேர்? ஃபயர்வாலைக் குடைந்து பாதி நாள் போகும். 2018 ஜனவரியில் வெளியான 42.2.0 பதிப்பிலிருந்து அந்த டிரைவருக்கு 10 தெரியும். ஒரு கோப்பை மாற்றினால் தீர்ந்தது.

வெடிப்பது எந்த நாளில்?

சர்வரைப் புதுப்பித்த அன்றே இது வெடித்துவிட்டால் புதிரே இருந்திருக்காது. பெரும்பாலும் அன்று வெடிப்பதில்லை.

தரவுத்தளத்தைப் புதிய பதிப்புக்கு மாற்றும்போது, பழைய முறையில் அரைத்து வைத்த கடவுச்சொற்கள் அப்படியே கூடவே போகும். அவற்றைப் புதிய முறைக்கு மாற்ற சர்வரால் முடியாது. மூலக் கடவுச்சொல் என்ன என்பது அதற்கே தெரியாதே! எனவே அனுமதி விதிகளைத் தொடாதவரை, பழைய கடவுச்சொல் உள்ளவருக்கு அது 5 என்றே பதில் சொல்லிக்கொண்டிருக்கும். பழைய டிரைவரும் சந்தோஷமாக வேலை செய்யும். எல்லாம் நல்லபடி முடிந்தது என்று மேலிடத்துக்கு அறிக்கையும் போயிருக்கும்.

பல மாதம் கழித்து, பாதுகாப்பு விதிப்படி யாரோ கடவுச்சொல்லை மாற்றுகிறார்கள். அந்தக் கணத்தில் அது ஸ்க்ராம் முறையில் சேமிக்கப்படுகிறது. அடுத்த முறை டிரைவர் வரும்போது பதில் 10. "பாஸ்வேர்டுதானே மாத்தினேன்?" என்று அவர் தலையைச் சொறிவார். காரணமும் விளைவும் இவ்வளவு தள்ளி நிற்பதால்தான் இந்தக் கோளாறுகள் பேய் பிடித்த மாதிரி தெரிகின்றன.

மைஎஸ்க்யூஎல் என்ற இன்னொரு தரவுத்தளம் 2018-இல் 8.0 பதிப்பில் கடவுச்சொல் முறையை மாற்றியபோதும் இதே நாடகம், வேறு வசனங்களோடு.

யாரை முதலில் மாற்றுவது?

புதிய டிரைவருக்கு 10-உம் தெரியும், 5-உம் தெரியும். பழைய டிரைவருக்கு 5 மட்டும்தான். ஆகவே முதலில் டிரைவர், பிறகு சர்வர். இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்வதே முக்கால்வாசிக் குழப்பத்துக்குக் காரணம் என்பது என் கருத்து. சர்வர் ஒன்றுதான், ஓர் ஆள் ஓர் இரவில் மாற்றிவிடலாம். டிரைவரோ ஒவ்வொரு நிரலுக்குள்ளும், ஒவ்வொரு மேசைக் கணினியிலும் ஒளிந்திருக்கும். எளிதானதை முதலில் செய்வது மனித இயல்பு.

டிரைவரை மாற்றுவதும் அவ்வளவு எளிதில்லை. புதிய டிரைவருக்குப் புதிய ஜாவா வேண்டியிருக்கலாம். புதிய ஜாவாவில் பழைய நிரல் முரண்டு பிடிக்கலாம். நிறுவனங்களுக்கு மென்பொருள் விற்பவர்கள் இதற்காகவே ஒரு பொருத்த அட்டவணை தருவார்கள்: எங்கள் மென்பொருளின் இந்தப் பதிப்பு, இந்தத் தரவுத்தளத்தின் இந்தப் பதிப்பு, இந்த டிரைவர். கட்டத்துக்கு வெளியே போனால் போன் செய்தாலும் உதவி கிடைக்காது. சோதித்த சேர்க்கைகளுக்கு மட்டும்தான் அவர்கள் பொறுப்பு. அதில் நியாயமும் இருக்கிறது.

"ஓடுறதைத் தொடாதே" என்பது கணினி அறைகளின் வேதவாக்கு. ஒரு வருடத்துக்கு அது சரி. போஸ்ட்கிரெஸ் தன் ஒவ்வொரு பெரிய பதிப்பையும் ஐந்து ஆண்டுகள்தான் பராமரிக்கிறது. அதன்பின் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளுக்கு அடைப்பு வராது. பத்தாண்டு ஓடும் ஒரு பரிசோதனை, தொடங்கிய நாளின் பதிப்போடு முடிய வழியே இல்லை.

சத்தமில்லாத பிழை

இணைப்பே கிடைக்காமல் போவது நல்ல பிழை. தெரிந்துவிடும், சரிசெய்யலாம். இணைப்பும் கிடைத்து, எண்களும் வந்து, அவை தவறாக இருந்தால்?

மைஎஸ்க்யூஎல்-இன் ஜாவா டிரைவர் 8-ஆம் வரிசைக்கு மாறியபோது, சர்வர் எந்த நேர மண்டலத்தில் இருக்கிறது என்று தெளிவாகத் தெரியாவிட்டால் இணைய மறுத்தது. குழப்பம் நிஜமானதுதான். ஐ.எஸ்.டி. என்ற மூன்றெழுத்தை இந்தியாவும் இஸ்ரேலும் அயர்லாந்தும் பங்குபோட்டுக்கொள்கின்றன. அவசரத்தில் இருப்பவர் செய்வது என்ன? இணைப்பு வரியில் உலகப் பொது நேரமான 'யு.டி.சி.' என்று சேர்த்துவிடுவார். பிழைச்செய்தி மறைந்துவிடும். சர்வர் எழுதி வைத்திருந்தது இந்திய நேரமாக இருந்தால், அங்கிருந்து வரும் நேரம் ஒவ்வொன்றும் ஐந்தரை மணிநேரம் தள்ளிப்போகும்.

நம் உணரிகளுக்கு இது என்ன செய்யும்? வெப்பமண்டலத்தில் காற்றழுத்தம் ஒரு நாளில் இருமுறை ஏறி இறங்கும். காலை பத்து மணி வாக்கிலும் இரவு பத்து மணி வாக்கிலும் உச்சம், அதிகாலை நான்கு மணியை ஒட்டியும் மாலை நான்கு மணியை ஒட்டியும் தாழ்வு. வித்தியாசம் சில மில்லிபார்தான், ஆனால் அதற்கேற்ப வாயுவின் அடர்த்தி மாறும், உணரியின் திறனும் லேசாக ஆடும். ஆய்வாளர் அதைக் கணக்கில் கொண்டு திருத்துவார். இப்போது காலை பத்து மணிக்கு விழுந்த மியுவானுக்குத் தரவுத்தளம் எடுத்துக் கொடுப்பது அதிகாலை நாலரை மணியின் குறிப்பை. உச்சத்துக்குத் தாழ்வு, தாழ்வுக்கு உச்சம். திருத்தம் செய்யாமலே விட்டிருந்தால்கூட இதைவிடத் தேவலை. எந்த எச்சரிக்கையும் வராது, வரைபடம் அழகாகவே இருக்கும்.

இருபது ஆண்டு கழித்துப் படிப்பவர்கள்

ஜெர்மனியின் ஹாம்பர்க்கில், டெசி ஆய்வகத்தில், ஜேட் என்ற பரிசோதனை 1979 முதல் 1986 வரை நடந்தது. 1990-களில் இயற்பியல் கோட்பாடு முன்னேறியிருந்தது. அந்தப் பழைய தரவைப் புதிய கண்ணால் பார்த்தால் வலிய விசையைப் பற்றி மேலும் அறியலாம் என்று சிலர் கிளம்பினார்கள். டேப்புகளில் தரவு இருந்தது. படிக்கும் நிரல்கள் ஃபோர்ட்ரானிலும், ஐ.பி.எம். பெரும்கணினிக்கே உரிய கீழ்நிலை மொழியிலும் எழுதப்பட்டவை. அந்த வகைக் கணினிகள் வழக்கொழிந்துகொண்டிருந்தன. சில அத்தியாவசிய எண்கள் காகித அச்சில் மட்டுமே மிஞ்சியிருந்தன, அவற்றை உட்கார்ந்து திரும்பத் தட்டச்சு செய்தார்கள். தரவு அழியாமல் இருந்தது, அதை வாசிக்கும் வழிதான் அழிந்துகொண்டிருந்தது.

கலிஃபோர்னியாவின் பாபார் பரிசோதனை (1999–2008) வேறு வழியைத் தேர்ந்தது. பழைய இயங்குதளம், பழைய நிரல்கள் எல்லாவற்றையும் மெய்நிகர் கணினிகளுக்குள் அப்படியே உறைய வைத்து, வெளி நெட்வொர்க்கிலிருந்து தடுப்புச் சுவரால் பிரித்துவிட்டார்கள். உள்ளே என்றென்றும் பழைய காலம். பாதுகாப்பு ஓட்டைகள் உண்டு, ஆனால் திருடன் உள்ளே வரும் பாதை அடைபட்டிருக்கிறது.

எனக்குப் பிடித்தது மூன்றாவது வழி. ரூட் என்ற மென்பொருளை 1990-களின் நடுவில் ரெனே ப்ருன்னும் ஃபோன்ஸ் ராடமேக்கர்ஸும் செர்ன் ஆய்வகத்தில் தொடங்கினார்கள். உலகின் துகள் இயற்பியலாளர்கள் பெரும்பாலோர் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள், ஐகால் குழுவும்தான். ரூட் எழுதும் ஒவ்வொரு கோப்பிலும், உள்ளிருக்கும் தரவு எந்த அமைப்பில் அடுக்கப்பட்டிருக்கிறது என்ற விவரமும் சேர்ந்தே எழுதப்படும். பத்தாண்டுக்குப் பின்வரும் நிரல் முதலில் அந்த விவரத்தைப் படித்துவிட்டுப் பிறகு தரவைத் தொடும். தரவுத்தளத்தில் வாழும் நிலைக்குறிப்புகளையும் ஆண்டுக்கொருமுறை இப்படிப்பட்ட கோப்பாக, நேரத்தை எந்த மண்டலத்தில் எழுதினோம் என்ற வரியோடு, இறக்கி வைத்துவிட்டால் டிரைவரின் தயவு பாதி குறையும்.

3.1 எங்கே போனது?

போஸ்ட்கிரெஸின் 196608 வணக்கம் 2003-இல் வந்தது. 22 ஆண்டுகள் அதில் கைவைக்காமல், உள்ளே எண் 10 போன்ற புதுமைகளை மட்டும் சேர்த்துக்கொண்டே வந்தார்கள். 2025-இல் வெளியான 18-ஆம் பதிப்பில்தான் நெறிமுறைக்குப் புதிய எண் கிடைத்தது. எம்.டி.5 கடவுச்சொற்கள் விடைபெறும் என்ற அறிவிப்பும் அதே பதிப்பில் வந்தது. புதிய எண்ணை யார்மீதும் திணிக்கவில்லை. போஸ்ட்கிரெஸின் சொந்த டிரைவரே கேட்டாலொழிய 3.0-வில்தான் பேசத் தொடங்குகிறது.

புதிய எண் 3.2. நடுவில் 3.1 என்று ஒன்று வந்ததே இல்லை. நிரல்களுக்கும் தரவுத்தளத்துக்கும் இடையில் அமர்ந்து இணைப்புகளைப் பகிர்ந்தளிக்கும் பிஜிபவுன்சர் என்ற பிரபலமான நிரல் ஒன்று உண்டு. அதன் பழைய பதிப்புகளில் ஒரு பிழை: யாராவது 3.1 தெரியுமா என்று கேட்டால், தெரியாமலே தெரியும் என்று சொல்லிவிடும். அந்தப் பழைய பதிப்புகள் இன்னும் எந்தெந்த அலுவலகங்களில் ஓடிக்கொண்டிருக்கின்றனவோ! அவற்றையெல்லாம் தேடித் திருத்துவதைவிட ஓர் எண்ணைத் தாண்டிப் போவது சுலபம் என்று முடிவெடுத்து, 3.1 இனி யாருக்கும் கிடையாது என்று ஆவணத்தில் எழுதி வைத்துவிட்டார்கள்.